கூறு

தங்கச்சிமடம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால்
ஈரச்சாக்கு விரித்த இடமெல்லாம் சந்தை.
தராசு இல்லை, படிக்கல் இல்லை.
மீனைக் கூறு போட்டுவிட்டு
நம் முகத்தைப் பார்க்கிறார்கள்,
இனி நீ கூறு என்பதுபோல்.

விளமீன் மூன்று, ஊளி ஒன்று,
அடியில் மறைவாக இரண்டு செங்கனி.
"இருநூறு" என்றாள் எமல்டா.
பக்கத்துச் சாக்குக்காரி சில்லறை கேட்டுக் கூப்பிட்டதில்
பெயரைப் பிடித்துவைத்துக்கொண்டேன்.
பெயர் தெரிந்தால் பத்து ரூபாய் குறையும்.

ஈரோட்டில் திங்கள் ராத்திரிச் சந்தையில்
டியூப்லைட்டுக்கு அடியில் நைட்டி விற்கிறவன் நான்.
இந்த ஒரு திங்கள் மச்சினனிடம் கடையை விட்டிருக்கிறேன்.
கர்நூலிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வருகிறவர்கள்
தையலைப் பிரித்து, சாயத்தை எச்சில் தொட்டுத் தேய்த்து,
உதட்டைப் பிதுக்கி
பீஸுக்கு நாலு ரூபாய் உரித்துப் போவார்கள்.
அவர்களிடம் கற்ற அத்தனையையும்
இந்தச் சாக்கின் முன் இறக்கினேன்.

செவுளைத் தூக்கினேன். நல்ல சிவப்பு.
சிவப்பு பத்தாது என்றேன்.
"நேத்துப் பிடிச்சதுங்களா?"
"நேத்து ஞாயிறுண்ணே. கோயிலுக்குத்தான் போனோம்.
இது ராத்திரி போன வள்ளம்."
"நூறு ரூபாங்க."
ஈக்களைப் பார்த்துச் சிரித்தாள்.

நூற்றெண்பது. நூற்றைந்து.
நடுவில் எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள்
(இருப்பது ஒன்று).
அவள் வலைக்கடனைச் சொன்னாள்.
என் பொய்யை நம்பினாளோ என்னவோ,
அவள் கடனை நான் நம்பவில்லை.

கடைசி அஸ்திரம், நடை.
எட்டாவது அடிக்குள் கூப்பிட்டுவிடுவார்கள்.
நானே கூப்பிட்டிருக்கிறேன், எத்தனையோ முதுகுகளை.
எட்டு. ஒன்பது.
பன்னிரண்டில் ஐஸ் உடைக்கிற இடம் வந்துவிட்டது.
செருப்பில் கல் மாட்டியதாகக் குனிந்தேன்.
ஐஸ் உடைக்கிற சத்தம் மட்டும்.

திரும்பி வந்தேன்.
"போகயில நூத்தறுவது. வரயில நூத்தெழுவது."

நூற்றைம்பதில் முடிந்தது.
கறுப்புப் பையில் மீனைத் தள்ளி
முடிச்சுப் போட்டபடி கேட்டாள்:
"எங்க தங்கியிருக்கீக?"
"ராமேஸ்வரம். கோயில் பக்கத்துல லாட்ஜுங்க."
"அங்கன மீன் வாசம் வந்தா
பெட்டியத் தூக்கி வெளிய வச்சிருவாகளே."

பை கையில் கனத்தது.

"அப்பவே நெனச்சேன்.
மீனு வாங்குறவுக
கொழம்புக்கா பொரிக்கவான்னு ஒரு வார்த்த சொல்லுவாக.
நீக வெலைய மட்டுந்தான் வாங்க வந்தீக."

"திருப்பி எடுத்துக்கறீங்களா?"

சாக்கில் கொட்டினாள்.
முன்பின் பார்த்தறியாதவள்போல் செவுளைத் தூக்கினாள்.
"செவப்பு பத்தாதேண்ணே. எம்பது."

"கட்டுபடியாகாதுங்க"
வாய் தானாகச் சொன்னது.
ராத்திரி போன வள்ளமுங்க என்றேன்.
ஊளியின் கண்ணைப் பாருங்க என்றேன்.
பத்து நிமிஷத்தில் அந்த மீன்களை
நானே பிடித்துவந்தவன் ஆகியிருந்தேன்.

அவள் எங்கும் நடந்து போகவில்லை, சாக்கு அவளுடையது.
முகத்தை மட்டும் எட்டு அடி திருப்பிக்கொண்டாள்.

"எமல்டா" என்று கூப்பிட்டேன்.

பெயருக்குப் பத்து,
பன்னிரண்டாவது அடிக்கு இருபது கூட்டி
நூற்றுப்பத்தை எண்ணி வைத்தாள்.
கொசுறாக, கை கழுவ ஒரு சொம்பு நல்ல தண்ணீர்.
குடம் பத்து ரூபாய்க்கு வாங்குகிற தண்ணீர் அது.
பாதி கையில் விழுந்தது, பாதி மணலில்.

பஸ் ஏறும்போது பார்த்தேன்.
அதே கூறு. செங்கனி இப்போது மேலே.
மொபெட்டை அணைக்காமலே யாரோ கேட்கிறார்.
அவள் இரண்டு விரல் காட்டுகிறாள்.

கண்டக்டர் ஒரு ரூபாய் பாக்கி வைத்தார்.
ராமேஸ்வரம் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.
நான் கொடுத்த நோட்டில் ஒட்டியிருந்த
செதிலுக்கு
அவர் எதுவும் கேட்கவில்லை.